இன்னும் வரல என்று சொன்னவன்

1

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை என் மனைவி எஸ்தர் கல்யாணமான மறு வாரமே கண்டுபிடித்துவிட்டாள். பால் வாங்கினால் தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், வேலி விஷயமாக என்னவோ கேட்கப்போகிறார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பெர்த்தில் வீடு வாங்கி, பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியும் புத்தி மாறவில்லை. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் என் சந்தேகங்களில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் கையில் சாட்சி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரே வேலைதான். கார் நிற்கவேண்டிய கொட்டகையில் என் ஆம்ப்ளிஃபையர்கள் நிற்கின்றன, கார் தெருவில் நிற்கிறது. கிட்டாரை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு சோலோவை வாசித்து, போனில் பதிவு செய்து, கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் என்ற பேட்டையில் இருக்கும் என் சிநேகிதன் கௌதமனுக்கு அனுப்புவேன். முதலில் கேசட்டாகத் தபாலில் போனது. பிறகு சிடி, பிறகு மின்னஞ்சல், இப்போது போன். அவன் கேட்டுவிட்டு டோன், அதாவது கிட்டாரின் நாதம், எப்படி என்று சொல்வான். எப்போதும் முடிவு ஒன்றுதான்: "இன்னும் வரல."

போன வருஷம் ஒரு ஞாயிறு, கை தவறி வேறு பதிவை அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் விடிந்தும் விடியாமலும் புல் வெட்டும் மெஷினை ஓட்டுகிறார் என்று நகராட்சியில் புகார் கொடுத்திருந்தேன். ஆதாரம் கேட்டார்கள். அதற்காகப் பதிவு செய்து வைத்த மெஷின் சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் கௌதமனிடமிருந்து பதில் வந்தது.

"நல்லா இருக்குதுடா. நடுவுல கொஞ்சம் கம்மி. இன்னும் வரல."

மாலையில்தான் என்ன அனுப்பினேன் என்று பார்த்தேன். அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். இவன் கேட்பதே இல்லை. எத்தனை காலமாகக் கேட்கவில்லையோ, யாருக்குத் தெரியும்!

2

விஷயம் புரியவேண்டுமென்றால் என் வாரக்கடைசிப் பிழைப்பைச் சொல்லவேண்டும்.

வாரநாளில் நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வாரக்கடைசியில், எழுபதுகளின் ஒரு பெரிய இங்கிலீஷ் ராக் குழுவைப் போலவே உடுத்தி, அவர்கள் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் ஒரு குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். இங்கே இதற்கு டிரிப்யூட் பேண்ட் என்று பெயர். எந்தக் குழு என்று சொல்லமாட்டேன், சொன்னால் ஆளாளுக்குச் சண்டைக்கு வருவார்கள். அந்தக் கிட்டார்காரருக்குத் தோள்வரை சுருட்டை முடி. எனக்கு அது எப்போதோ போய்விட்டது, அதனால் விக். மேலே அந்த விக், கீழே என் ஸ்கெலட்டன் முகம். முதல் பாட்டு முடியும்வரை கூட்டம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கும். அது நியாயமான சந்தேகம் என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

குழுவின் தலைவன் கிரெய்க், தொழிலில் பிளம்பர், பாடுகிறவனும் அவன்தான். நல்ல மனுஷன். ஆனால் என் டோன் சேறு மாதிரி இருக்கிறது, ரெக்கார்டில் அப்படி இல்லை என்பான். என் பெண் ஷெரினும் அதையேதான் சொல்வாள். ஒருநாள் தன் போனில் அசலைப் போட்டுக் காட்டினாள். கண்ணாடித் துண்டு மாதிரி பளபளவென்று இருந்தது. இது இல்லை, நாங்கள் கேட்டது வேறு என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். விக்கை மாட்டிய அப்பாவைப் பார்க்க அவள் தோழிகள் யாரும் வந்ததில்லை, அவள் அழைத்ததும் இல்லை.

நாங்கள் கேட்டது வேறு என்பது உண்மை. தங்க வயலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கேசட். யாரோ யாரிடமோ வாங்கி, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து, அதிலிருந்து எங்கள் சர்ச் ஆர்கனிஸ்ட் எடுத்த நகல். மேல் சத்தமெல்லாம் தேய்ந்துபோய், கிட்டார் அடித்தொண்டையில் பேசுகிறவன் மாதிரி தடித்து வரும். அதுதான் அந்த மகானின் டோன் என்று நம்பினோம். மூடிப்போன ஒரு சினிமா கொட்டகையின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிவந்து, பேக்கிங் மரத்தில் பெட்டி அடித்து, அந்தத் தேய்ந்த சத்தத்தை அப்படியே கொண்டுவந்தோம். கிறிஸ்துமஸ் டான்ஸில் நாங்கள் வாசித்தபோது கிளப் ஹாலே எழுந்து நின்றது. அசல் ரெக்கார்டை நான் முதன்முதலில் கேட்டது பெர்த்தில்தான். யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நாலு பேர் கொண்ட எங்கள் தங்க வயல் குழுவில் ஒருவன் செத்துப்போனான், ஒருவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தவன் பேஸ் வாசித்த கௌதமன் மட்டும்தான்.

அவன் காதுக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. அவன் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் ஆள். ஷிப்டுக்கு இறங்கியதும் நீளக் கம்பியால் மேல்பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கிண்ணென்றால் பாறை உறுதி. பொத்தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, அடியில் நிற்கக்கூடாது. அவன் இருந்த லெவலில் கௌதமன் தட்டிச் சொல்லாமல் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். அந்தக் காது "வரல" என்றால் நான் எப்படி மறுப்பது? 'மேல ஜாஸ்தி' என்றான், ஸ்பீக்கரை மாற்றினேன். 'ரொம்ப சுத்தமா இருக்குது, அழுக்கு வேணும்' என்றான், வால்வுகளை மாற்றினேன். 'நடுவுல கம்மி' என்று அவன் சொல்லிச் சொல்லியே இரண்டு கிட்டார் கைமாறின. எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.

3

புல் மெஷினுக்குப் பிறகு பழையதெல்லாம் வரிசையாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

நான் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதில்லை. டவர் இல்லை, சார்ஜ் இல்லை, ட்ரெயினில் இருந்தேன் என்று அப்புறம் எழுத்தில்தான் பதில் வரும். சுரங்கம் மூடிய பிறகு அவன் மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூருக்குத் தினம் போய்வந்து ஏதோ கம்பெனியில் காவல் வேலை பார்த்தான். ஆனால் அதை விட்டே சில வருஷம் ஆகிறதே, இன்னும் எந்த ட்ரெயின்? அவன் மனைவி மல்லிகா எடுத்தால் "அவரு குளிக்கிறாருண்ணா" என்பாள். ஒரு மனுஷன் எத்தனை தடவை குளிப்பான்?

பிறகு ஆம்ப்ளிஃபையர். நான் கிளம்பும்போது சினிமா கொட்டகை ஆம்ப்ளிஃபையரை அவன் வீட்டில்தான் விட்டுவிட்டு வந்தேன். போட்டோ எடுத்து அனுப்புடா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது என்பான், போட்டோ வராது. சுரங்கம் மூடியதும் ஊரில் செம்பும் இரும்பும் கால் முளைத்து நடந்த கதை எனக்குத் தெரியாததா? வித்துட்டான் என்று முடிவு கட்டினேன். வித்துவிட்டு, நான் வந்து பார்த்துவிடக்கூடாதே என்று, இன்னும் வரல இன்னும் வரல என்று என்னை இங்கேயே உட்காரவைத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. அவன் போனில் எழுதுகிறவன் அவனேதானா? எஸ்தரிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. இல்லன்னா என்னை நிம்மதியா இருக்க விடமாட்டீங்க" என்றாள்.

4

வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவான்.

கிட்டார் சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெட்டிகள் வரிசையாகப் பொருத்திய பலகையையும் ஒரு கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது பெங்களூர் விமான நிலையத்தில் அந்தப் பலகைதான் என்னை மாட்டிவிட்டது. ஒயரும் பேட்டரியும் பொத்தானுமாக எக்ஸ்ரேயில் அது என்னவாகத் தெரிந்ததோ, மூன்று பேர் கூடிவிட்டார்கள். கன்னடத்தில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், பதற்றத்தில் தமிழிலும் சொன்னேன். வாசித்துக் காட்டு என்றார் ஒருவர். ஸ்பீக்கர் இல்லாமல் எப்படி வாசிப்பது? கம்பியைத் தட்டிக் காட்டினேன், கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அவர்கள் சந்தேகம் இன்னும் கூடியது. அப்போது நான் இருந்த மனநிலையில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

போன இடத்தில் கோலாரிலும் ஒருநாள் கழிந்தது. பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்கும் சாக்கில்தான் ஆபீஸில் லீவு கேட்டிருந்தேன், அதையும் முடித்துவிடலாம் என்று போனேன். இத்தனை வருஷம் கழித்து உங்களுக்கு எதற்கு இது என்று கன்னடத்தில் கேட்டார் கவுண்டரில் இருந்த அம்மாள். நான் பிறந்தேன் என்று காட்டத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். பெர்த்தில் ஒரு பாட்டியம்மாளிடம் லிஃப்ட் வரும் என்று சொல்வதற்குப் பதில், சுரங்க லிஃப்டைக் கூண்டு, அதாவது கேஜ், என்று சொல்லும் எங்கள் ஊர் வழக்கத்தில் "கேஜ் இப்போ வரும்" என்று சொல்லி, தன்னை மிருகம் என்று சொன்னதாக அவர் புகார் கொடுத்தபோது என் மேனேஜர் பார்த்த அதே பார்வை. இரண்டு ஊரிலும் என்னைப் பார்க்கும் கண்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

5

ஸ்கெலட்டனில் இறங்கி, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே நடந்தேன். அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கௌதமன் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. "டேய் கௌதமா" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கை பூண்டிலேயே இருந்தது. ஓஹோ, குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்டான், என்ன சொல்வது என்று யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய்த் தோளைத் தொட்டேன்.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்ததும் பூண்டுத் தட்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கட்டிப்பிடித்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதன்பிறகு அவன் என்னைப் பேசவே விடவில்லை. ஊர்ச் செய்தி, செத்தவர்கள், கல்யாணமானவர்கள், புத்த விகாரைக்குப் புதுத் தரை போட்டது, ட்ரெயின் கூட்டம் என்று மூச்சுவிடாமல் பேசினான். நான் வாயைத் திறந்தால் "இரு, டீ குடி" என்பான். ஆளைப் பேசவிடாமல் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான், இது என் அனுபவம். மல்லிகா நடுநடுவே அவன் முன்னால் வந்து நின்று, அவன் முகத்தைப் பார்த்து நிதானமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். இருவரும் பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று பட்டது.

கடைசியில் பொறுக்காமல் எழுந்து, கையால் பெட்டி மாதிரி காட்டி, ஆம்ப்ளிஃபையர் எங்கே என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. மல்லிகாவைப் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு கொடூரமான திருப்தி. மாட்டினாயா மகனே என்று நினைத்தேன்.

அவன் எழுந்து பின்னறைக் கதவைத் திறந்தான். பழைய புடவை போர்த்தி, தரையில் ஈரம் ஏறாமல் இருக்கச் செங்கல்மேல் வைத்து, அது அங்கேயே இருந்தது. நான் வெட்கப்பட்டிருக்கவேண்டும். பட்டேனா? உள்ளே அசல் வால்வுகள்தானா, மாற்றிவிட்டானா என்று பின்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அசல்தான். தூசுகூட இல்லை. போட்டோ எடுக்க ஒரு நிமிஷம் ஆகாதே, ஏன் எடுக்கவில்லை? இது அடுத்த சந்தேகம்.

ஒயரை மாட்டினேன். வால்வு சூடாகட்டும் என்று காத்திருந்தேன். கௌதமன் எதிரே ஸ்டூலைப் போட்டு, பழைய நாள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கம்பியைத் தொட்டதும் வந்தது பாருங்கள் ஒரு அலறல். எந்த வால்வு உயிரை விட்டதோ, சின்ன அறை, பீறிட்டுக்கொண்டு கிளம்பியது. என் பல்லெல்லாம் கூசியது. அடுக்களையில் மல்லிகா காதைப் பொத்திக்கொண்டு "ஐயோ அண்ணா" என்றாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நான் ஸ்விட்சைத் தேடித் தடுமாறுகிறேன்.

கௌதமன் மட்டும் என் விரல்களைப் பார்த்தபடி, கண்ணில் அவ்வளவு சந்தோஷத்தோடு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஸ்விட்ச் கிடைத்து, சத்தம் நின்றது. அவனுக்கு அது நின்றதும் தெரியவில்லை. நான் கையை எடுத்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினான். "பரவால்லடா. நடுவுல கொஞ்சம் கம்மி" என்றான்.

மல்லிகா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவருக்குக் காது கேக்காதுண்ணா. மெசின் ஓட்டி ஓட்டி அப்பவே போய்க்கினு இருந்துச்சு. ஏழெட்டு வருசமா சுத்தமா இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு என்னை அடக்கி வச்சிருந்தாரு" என்றாள். போட்டோ அனுப்பினால் ஓட்டிக் காட்டு, சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு என்று நான் அடுத்துக் கேட்பேன், அதில் மாட்டிக்கொள்வோம் என்று பயம் என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாறையைத் தட்டிச் சொன்ன காது. காதை அடைக்க எதுவும் இல்லாமல் டிரில்லிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஷிப்ட் நின்றிருப்பான்? அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிறகு கோபம் வந்தது. போனை எடுத்து, பெரிய எழுத்தில், "அப்ப ஏன்டா வாரம் வாரம் வரல வரலன்னு சொன்ன" என்று அடித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

படித்தான். சிரித்தான். நான் அனுப்பும் பதிவில் போன் திரையில் கோடு ஏறி இறங்குமே, அதைப் பார்த்து எழுதினானாம். உயரமாக இருந்தால் மேல ஜாஸ்தி. ஒரே மட்டமாக இருந்தால் நடுவுல கம்மி. புல் மெஷினின் கோடு ஒரே மட்டம்.

அது சரி, 'வந்துருச்சு'ன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்று அடித்தேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான். "வரலன்னா நீ மறு வாரம் அனுப்புவ. வந்துடுச்சுன்னு சொன்னா அத்தோட நின்னுடும்" என்றான். தன் சத்தம் தனக்கே தெரியாததால் குரல் தேவைக்குமேல் பெரிதாக இருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

டோன் இல்லாவிட்டாலும் வாரம் வாரம் பேசியிருப்பேனேடா என்று எழுதிக் காட்டினேன்.

"பேசியிருக்க மாட்ட, சாமு" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. பாறையைத் தட்டிவிட்டுச் சொல்வது போலத்தான் சொன்னான். இல்லை என்று அடிக்கப் போனேன். விரல் ஓடவில்லை. மல்லிகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

6

காதுக்கு மெஷின் வாங்கித் தருகிறேன் என்றேன். டாக்டர் பார்த்தாயிற்று, அந்த அளவைத் தாண்டிவிட்டது என்றாள் மல்லிகா. இருந்த நாலு நாளும் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். எழுதி எழுதிப் பேசினோம். ஆம்ப்ளிஃபையரின் கெட்டுப்போன வால்வைக் கழற்றி, என் பையில் இருந்த ஒன்றைப் போட்டுச் சரி செய்தேன். பொறுமையாக வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெர்த்தில் என் கொட்டகையில் இருப்பது இதைவிட நன்றாக இருக்கிறது. தேய்ந்த கேசட்டின் அந்தத் தடித்த சத்தத்தை நான் என்றைக்கோ பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. எப்போது பிடித்தேன் என்று இனி யாராலும் சொல்லமுடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் கோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

பெர்த்துக்குத் திரும்பினேன். எஸ்தர் கேட்டாள், சொன்னேன். சந்தேகப்பட்டதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன், தட்டில் சோறு போட்டாள். ஷெரின் கேட்டுவிட்டு, அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இங்கிலீஷில், அவரோடு நீங்கள் வேறு எதைப் பற்றித்தான் பேசுவீர்கள் என்று கேட்டாள். கிரெய்க்கிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு வாரக்கடைசிக்குப் போகவில்லை.

ஞாயிறு வந்தது. பதிவு அனுப்புவதில் இனி என்ன இருக்கிறது? அவனை வெறுமனே விசாரிப்போம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதுவதும் அழிப்பதுமாகப் பாதிக் காலை போய்விட்டது. கடைசியில் இங்கே மழை என்றும், எஸ்தர் கத்தரிச் செடி வைத்திருக்கிறாள் என்றும், ஷெரினுக்குப் பரீட்சை என்றும், உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்றும் அனுப்பினேன். எழுதி முடித்ததும் யாரோ முன்பின் தெரியாதவனுக்கு எழுதியது மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது.

முட்டி பரவாயில்லை, விகாரைக்கு நடந்தே போய்வந்தேன் என்று பதில் வந்தது. அதன் கீழேயே இன்னொன்று.

"அதெல்லாம் சரி. ரெக்கார்டிங் எங்க?"

உனக்குத்தான் கேட்காதே, இனிமேல் எதற்கு நடிப்பு என்று அனுப்பினேன். எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று திரையில் வெகுநேரம் காட்டியது. ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று பயந்தேன்.

"எனக்குக் கேக்கலன்னா இன்னா? நீ வாசிச்சியா இல்லியா, அத்த சொல்லு."

வாசிக்கவில்லை. ஊரிலிருந்து வந்ததிலிருந்து கிட்டாரை உறையைவிட்டு எடுக்கவே இல்லை. அது அங்கே உட்கார்ந்திருக்கும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.